சின்ன செபம்

இதை எழுத எனக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. நோட்டை எடுப்பேன், முதல் வரியில் சிலுவை போடுவேன், மூடி வைத்துவிடுவேன். பத்தாவது வரை படித்தவள் என்ன எழுதிவிடப் போகிறாள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. வெட்கம்.

வரிச்சிக்குடிப் பக்கம் ஒரு அங்கன்வாடியில் நான் ஆயா. சமைப்பது, கூட்டுவது போக, டீச்சர் பதிவேடு எழுதும் நேரத்தில் பிள்ளைகளை விளையாட விடுவதும் என் வேலை. இருபது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஆடுகுதிரை. சிவப்பு பிளாஸ்டிக், ஒரு காது கிடையாது. அதற்காகத் தினமும் கடி, கிள்ளல், அழுகை. பயிற்சிக்குப் போய்வந்த டீச்சர் ஒருநாள் சொன்னார்: "வரிசையில நிக்க வைங்க ஆயா. பத்து எண்ணுங்க, எறங்கச் சொல்லுங்க. வெளையாட்டாவே மொற பழகிடும்."

எண்ணிப் பார்த்தேன். சரிப்படவில்லை. நிற்கிற பிள்ளைகளும் கூடவே எண்ணும்; அஞ்சுக்கு அப்புறம் நேராகப் பத்துக்குத் தாவிவிடும். குதிரைமேல் இருப்பது மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். சுவர்க் கடிகாரமும் ஓடவில்லை. எங்கள் வீட்டில் முட்டை வேகவைக்க யாரும் மணி பார்ப்பதில்லை. கொதி வந்தபின் செபமாலையில் இரண்டு பத்து மணி சொன்னால் வெந்திருக்கும். அந்தப் பழக்கத்தில், ஆளுக்கு ஒரு மங்கள வார்த்தை செபம், மாதாவை வாழ்த்துகிற சின்ன செபமாலைச் செபம், என்று வைத்துக்கொண்டேன். எல்லா மதத்துப் பிள்ளைகளும் வரும் இடம், அதனால் சத்தமில்லாமல் உதட்டுக்குள்ளேயே சொல்வேன். முடிந்ததும் "ஆமென், எறங்கு" என்பேன். இறங்குகிற பிள்ளை அடுத்த பிள்ளையின் கையைப் பிடித்து, "இப்ப ஒன் மொற" என்று ஏற்றிவிட வேண்டும். தகப்பன் துபாயில் இருக்கும் பையன் மட்டும் "ஆமீன்" என்று சொல்லி இறங்குவான்.

ஒரு மாதத்தில் கடி நின்றுபோனது. டீச்சர் மெச்சினார். மாதாவே என் வாயில் இருந்துகொண்டு பிள்ளைகளைப் பழக்குகிறாள் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அப்புறம் ஒரு மழை நாள். குதிரை வராந்தாவில் நனைந்து கிடந்தது. பிள்ளைகள் உள்ளே வாளியைக் கவிழ்த்துக் குதிரையாக்கிக்கொண்டார்கள். என் கடைக்குட்டி மகளும் அங்கேதான் படித்தாள், நான்கு வயது. அவள்தான் ஆயா. இடுப்பில் கை வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொருத்தரையாக ஏற்றி இறக்கினாள். நான் அரிசியில் கல் பொறுக்கியபடி சிரித்துக்கொண்டிருந்தேன்.

தெற்குத் தெருவிலிருந்து வரும் ஒரு பெண்பிள்ளை ஏறினாள். அம்மா நடவு வேலைக்குப் போகிறவள். என் மகள் உதட்டை இரண்டு தடவை மட்டும் குவித்தாள். "ஆமென். எறங்குடி."

"ஏய், அதுக்குள்ளயா?" என்றான் துபாய்க்காரர் மகன்.

"அவளுக்குச் சின்ன செபம்தான்டா. எங்கம்மா அப்புடித்தான் சொல்லுவாங்க."

"ஆமா, எனக்குக் குட்டி செபம்" என்று அந்தப் பிள்ளையே சொல்லிக்கொண்டு இறங்கினாள். முகத்தில் வருத்தம்கூட இல்லை. ஆளுக்கு ஒரு அளவில் சட்டை இருக்கிற மாதிரி, தனக்கு இந்த அளவு என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் பதிவேட்டிலிருந்து தலை தூக்கி, "ஒங்க பொண்ணு ஒங்கள அப்புடியே உரிச்சு வச்சிருக்கு ஆயா" என்று சிரித்தார். "ஆமாங்க டீச்சர்" என்றேன்.

அவர்களும் எங்கள் மாதா கோயில்தான். ஒரே பீடத்தில் நன்மை அப்பம் வாங்குகிறோம். ஆனால் எங்கள் தெருக்காரர்கள் அந்தத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டோம். நான் அப்படிப் பார்க்கிறவள் இல்லை என்றுதான் என்னைப்பற்றி நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளை குதிரையில் ஏறினால் மட்டும் என் நாக்கு ஓடியிருக்கிறது. மாதாவின் செபத்தைப் பாதி முழுங்கியிருக்கிறேன். எனக்கே தெரியாமல் நடந்தது என்று எழுதத்தான் ஆசை. கொஞ்சம் தெரியும்.

மறுநாள் அவளை முதலில் ஏற்றினேன். ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பாதியில் இறங்கிவிட்டாள்.

"இன்னும் முடியலம்மா, ஒக்காரு."

"என்னோடது முடிஞ்சிடுச்சு ஆயா" என்று அடுத்த பிள்ளையின் கையைப் பிடித்தாள்.

"அவளுக்கு முடிஞ்சிடுச்சு ஆயா" என்று வரிசையும் சேர்ந்து சொன்னது. தூக்கி உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டேன். என்ன தப்பு செய்தோம், அடிக்கப் போகிறார்களோ என்று வீறிட்டு அழுதாள். விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும்வரை ஒருநாள்கூட அவள் முழுசாக ஆடவில்லை.

அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில், "செபத்துல பராக்கா இருந்தேன் சாமி" என்றேன். மூன்று மங்கள வார்த்தை அபராதம் கொடுத்தார். பிள்ளையைப்பற்றி வாய் திறக்கவில்லை. பராக்கு என்று சொன்னால் அது மாதாவுக்கும் எனக்கும் நடுவில் முடிந்துபோகும். மற்றதைச் சொன்னால், போய் மன்னிப்புக் கேள் என்பார்; தெற்குத் தெருவுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

போன மாதம் பூசை முடிந்து வெளியே வந்தபோது அந்தப் பிள்ளையின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகளுக்கு இப்போது பதினொரு வயது. இரண்டடி தள்ளி நின்றாள்.

"ஆயாம்மா, ஒங்ககிட்ட படிச்ச புள்ள எதுலயும் முண்டாது. பஸ்ஸுல எடம் கெடச்சாலும் அடுத்தவங்கள ஒக்கார வச்சுட்டு நிக்கும். டீச்சருங்கல்லாம் தங்கம்ங்கிறாங்க. எல்லாம் நீங்க பழக்குனதுங்க."

"நல்லா இருக்கட்டும்" என்றேன்.

அந்தத் தாய்க்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. நேரில் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போனாலும் சொல்கிற சாக்கில் நல்லவளாகிவிடுவேன். எங்கள் ஊர்க்காரர் இதைப் படித்தால் அவள் யாரென்று தெரிந்துகொள்வீர்கள். ஒருநாள் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். தெருவைப்பற்றி எழுதியதை அவள் மனம் நோகுமே என்று விட்டுவிடாதீர்கள். ஆயா அப்புறம் திருந்திவிட்டாள் என்று கடைசியில் ஒட்டுப்போடவும் வேண்டாம். உள்ளது உள்ளபடி அவள் காதில் விழட்டும். என்னை என்ன செய்வது என்று அவள் சொல்லட்டும்.