முப்பத்தாறு வயதில் டீக்கன்

டீக்கன் வேலைக்குச் சம்பளம் கிடையாது, வெள்ளைச் சட்டை மட்டும் கட்டாயம். கோயில் அன்னதானத்தில் வாளி தூக்கிக் கை கடுத்தவர்களும், கலியாணப் பந்தியில் ஓடியாடியும் ஏச்சு வாங்கியவர்களும் இதை வாசித்து ஆறுதல் அடையலாம். எண்பதுகளின் நடுவில், மனைவியும் மகளும் திருகோணமலையில் காத்திருக்க, அகதி வழக்கு முடியாமல் மொன்றியலில் கிடந்தேன். அந்தக் குளிர்காலத்தில் கதவைத் தட்டி நலம் விசாரித்தவர்கள் மொர்மன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் மட்டும்தான். அப்படியே நகரின் புறப்பகுதியான பியர்பொன்ட்ஸில் கூடிய அவர்களுடைய சபையில் சேர்ந்துவிட்டேன்.

வரிசை

மொர்மன் சபையில் டீக்கன் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன். ஞாயிறு ஆராதனையில் இயேசுவின் நினைவாகப் பங்கிடும் பாண் துண்டும் தண்ணீரும் வைத்த தட்டுகளை வரிசை வரிசையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. பெரியவர்களை வழக்கமாக நேரே அடுத்த படிக்கு ஏற்றிவிடுவார்கள். எங்கள் சபையில் மூன்றே பையன்கள் இருந்ததால் என்னையும் அவர்களோடு நிறுத்தினார்கள். குழுத் தலைவன் லூக்குக்கு வயது பதின்மூன்று.

"ஆரம்ப காலத்தில் தாடி வைத்த ஆண்கள்தான் டீக்கன்கள்" என்று சபைத் தலைவர் என்னைத் தேற்றினார். என் அறைத்தோழன் யோகன் தேற்றவில்லை.

"அண்ணை, உங்களை வகுப்பேத்தாமல் விட்டிட்டினமோ?"

உபசாரம்

ஒருநாள் மூன்றாம் வரிசையில் ஒருவர் பாண் எடுக்காமல் தட்டை அடுத்தவரிடம் தள்ளினார். பந்தியில் ஒருவர் வேண்டாம் என்றால் நாங்கள் விட்டுவிடுவோமா? தட்டை மறித்து வாங்கி, இரண்டு கையாலும் அவர் முன்னால் நீட்டி, எடுங்கள், எடுங்கள் என்று வற்புறுத்தினேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது. மனச்சாட்சி உறுத்தும் நாளில் எடுக்காமல் விடுவது அங்கே வழக்கமாம். ஆராதனை முடிந்ததும் லூக் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"டீக்கன் தட்டைத்தான் பார்க்கவேணும், முகத்தைப் பார்க்கக் கூடாது."

தேநீர்

சபை விதிப்படி தேநீர் ஆகாது. புவாண்ட்-கிளேரில் நாங்கள் பெட்டி அடுக்கிய வேர்ஹவுஸில், இடைவேளைக்கு யோகன் பிளாஸ்கைத் திறப்பான், நான் வெந்நீர் குடிப்பேன்.

"தேத்தண்ணி குடிக்கிறேல்லை எண்டால் நீங்கள் சிலோன் எண்டே இமிகிரேசன்காரன் நம்பான், அண்ணை."

விசாரணை

அகதி விசாரணையில் தேநீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் படிவத்தில் 'டீக்கன்' என்று எழுதியிருந்தேன். விசாரித்த அதிகாரியின் பக்கத்து வீட்டில் மொர்மன் குடும்பம் ஒன்று இருந்ததாம். "டீக்கன் என்றால் சின்னப் பையன். இதிலேயே பொய் சொன்னால் மற்றதை எப்படி நம்புவது?" என்றார். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும், சத்தியமாய் நான் டீக்கன்தான் என்றேன். வழக்குத் தோற்றால் மகளை எங்கே, எப்படிக் கூப்பிடுவேன்? இரண்டு கிழமைக்குள் சான்று கொண்டுவரச் சொன்னார்.

சபைத் தலைவர் ஒழுங்கு பிசகாத மனிதர். தானும் ஒரு கடிதம் எழுதி, டீக்கன்களுக்குப் பொறுப்பு லூக் என்பதால் அவனையும் எழுதவைத்தார். கொப்பித் தாளில், கோணல் எழுத்தில் எழுதியிருந்தான்: "இவர் எங்கள் குழுவில் மிக உயரமானவர். ஒரு ஞாயிறும் தவறவில்லை. முதலில் பிழைகள் விட்டார், இப்போது பரவாயில்லை. இவருக்குப் பத்து வயதில் மகள் இருக்கிறாள். அவள் எப்போது வருவாள்?"

அதிகாரி சபைத் தலைவரின் கடிதத்தை ஒரு தரமும் இதை இரண்டு தரமும் வாசித்தார்.

"இப்படி ஒன்றைப் பொய்யாக எழுதுவிக்க யாராலும் முடியாது."

பிறகு எத்தனையோ முதலாளிகளிடம் வேலை செய்துவிட்டேன், ஆனால் மீசை முளைக்காத அந்த ஒருவன் தந்த நற்சான்றில்தான் என் வீட்டுக்காரியும் மகளும் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள்.