பின்வாசல் வெளிச்சத்தில் ஒரு கன்னம்

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். வேதியியல். இதை எங்கே சொன்னாலும் அக்கா, "ஆமா, அதை வெச்சுத்தான் குக்கர் விசில் எண்ணுறான்" என்பாள். பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, கிராமத்திலிருந்து எனக்கு முன்பே நகரத்துக்கு வந்தவள் அவள். ஒரு பெரிய கடையின் மேக்கப் கவுன்டரில் ஒன்பது வருடமாக நிற்கிறாள். நிற்கிறாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அங்கே நாற்காலி கிடையாது.

கடையில் அவளுக்குப் பெயர் வாசலக்கா. காண்டூர் ஸ்டிக் என்று ஒரு பழுப்புநிறக் குச்சி உண்டு. கன்னத்திலும் தாடையிலும் நிழல்போலப் பூசினால் முகம் எடுப்பாகத் தெரியும். அதைக் கேட்டு யார் வந்தாலும், பூசிவிட்ட கையோடு பின்வாசலுக்கு அழைத்துப் போய்விடுவாள். சரக்கு இறக்குகிற இடம். ஏசி கிடையாது, வெயிலும் புழுக்கமும்தான். அங்கே பத்து நிமிடம் நிற்கவைத்து, டிஷ்யூவால் ஒற்றிப் பார்த்த பிறகுதான் பேச்சு.

ஏன் இந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன்.

"சேர்ந்த புதுசுல நானும் உள்ளேயே பூசிக்கிட்டு கிளம்பினேன்டா. பஸ் ஸ்டாப் வர்றதுக்குள்ள ரெண்டு கன்னத்துலயும் வாய்க்கால் ஓடுது. பக்கத்துல நின்ன பொண்ணு, பாவம்னு தண்ணி பாட்டிலை நீட்டுது. குச்சி நல்ல குச்சிதான். ஏசி ரூமுக்கு நல்ல குச்சி."

புதிதாக வந்த பெண் சூப்பர்வைசருக்கு இந்தப் பழக்கம் பிடிக்கவில்லை. கவுன்டர் கதகதப்பாகத் தெரியவேண்டும் என்று, வந்த வாரமே வெள்ளை விளக்குகளைக் கழற்றி மஞ்சள் விளக்கு போடவைத்தவர் அவர். அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னொரு கஸ்டமர் பின்வாசல் போயிட்டு வெறுங்கையோட கிளம்பினா, நீ கீழ பேக்கிங்குக்குப் போயிடணும்." கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லை. பேச்சுக் கொடுக்க அட்டைப்பெட்டிகள்தான். அன்று அக்கா சாப்பிடவில்லை என்று எழுதினால் பொய், நன்றாகவே சாப்பிட்டாள். ஆனால் என்னை ஒரு தடவைகூடக் கிண்டல் செய்யவில்லை.

அடுத்த வாரம் என் விடுமுறை நாளில், அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கக் கடைக்குப் போனேன். கவுன்டரில் ஒரு இளம்பெண். தொலைக்காட்சி நிருபர், தெருவில் நின்று நேரலையில் பேசுகிறவர். போன வாரம் கன்னத்து நிழல் தாடைவரை வழிந்ததை யாரோ படம்பிடித்துப் போட, ஊரே சிரித்திருக்கிறது. மறுநாள் காலை மறுபடியும் நேரலை.

"வழியக் கூடாதுக்கா. அவ்வளவுதான்."

"மூஞ்சி கழுவிட்டு ஒண்ணும் பூசாம ஒரு மணி நேரம் இருந்தா, தோல் இழுக்குதா, பளபளங்குதா?"

"நெத்தியில முட்டையே பொரிக்கலாம்."

அக்கா சிரிப்பதற்குள் சூப்பர்வைசர் வந்து, வெண்ணெய்போல வழுக்கும் ஒரு குச்சியை நீட்டினார். "இப்ப எல்லாரும் இதுதாம்மா வாங்குறாங்க."

நான் சும்மா இருக்கமாட்டாமல் அட்டையிலிருந்த சேர்மானப் பட்டியலைப் படித்தேன். "முதல் மூணும் எண்ணெய்க்கா. மெழுகு கடைசியிலதான் இருக்கு. வறண்ட தோலுக்கு, குளிர் ஊருக்குச் சரி."

"டிகிரி பேசுது. நகருடா" என்றாள். அவள் கையில் ஏற்கெனவே மெழுகு தூக்கலான வேறொரு குச்சி இருந்தது.

இடக்கன்னத்தில் சூப்பர்வைசருடையது, வலக்கன்னத்தில் அவள் எடுத்தது. பூசி முடித்து ஒரு கணம் சூப்பர்வைசரைப் பார்த்தாள். பிறகு நிருபரிடம், "வாங்கம்மா, கொஞ்ச நேரம் வெளிய நிப்போம்" என்றாள்.

செருப்பு டக்டக்கென்று ஒலிக்க சூப்பர்வைசரும் பின்னாலேயே வந்தார்.

பத்து நிமிடத்தில் இடக்கன்னம் இளகி, டிஷ்யூவோடு பாதி வந்துவிட்டது. வலக்கன்னம் அசையவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தபோது, அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனாள்.

"தப்பு பண்ணிட்டேன்ம்மா."

"ஏன்க்கா, நிக்குதே?"

"நிக்குது. செங்கல் நிறத்துல நிக்குது. நிழல் எங்கயாச்சும் சிவப்பா விழுமா? உள்ள மஞ்சள் லைட்டுல எல்லாமே செங்கலா இருக்கவும், இது தனியாத் தெரியல."

"பாத்தியா?" என்றார் சூப்பர்வைசர். "உனக்கே சரியாத் தெரியல. இவங்க இப்ப கிளம்பிடுவாங்க. நாளையிலேர்ந்து நீ கீழ..."

நிருபர் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், உங்க கன்னமும் செங்கல்தான்."

சூப்பர்வைசர் போனை எடுத்து அதில் முகம் பார்த்தார். உள்ளே எடுப்பாக இருந்த இரண்டு கோடுகளும் வெயிலில் காய்ந்த செம்மண்ணாக இருந்தன.

"காலையிலேர்ந்து இப்படியேவா இருக்கேன்?"

"மூணு வாரமா, மேடம்" என்றாள் அக்கா, மிக மரியாதையாக.

பிறகு அவள் யாருக்கும் காத்திருக்கவில்லை. உள்ளே போய் அதே மெழுகுக் குச்சியில் மூன்று நிறங்களோடு வந்து, நிருபரின் கன்னங்களைத் துடைத்துவிட்டு, தாடை ஓரத்தில் கோடு கோடாக இழுத்தாள். தோலைவிட ஒரு படி, மிஞ்சினால் இரண்டு படி அடர்த்தி போதும். சாம்பல் சாயல் கொஞ்சம் வேண்டும். கூடிவிட்டால் மாநிறத்தில் அடிபட்ட மாதிரி தெரியும். முதல் இரண்டும் கோடாகவே நின்றன. மூன்றாவதைத் தேய்த்ததும் கோடு காணாமல் போய், தாடை மட்டும் கூர்மையாகத் தெரிந்தது. மேலே மெல்லப் பவுடர் ஒற்றினாள். இன்னொரு பத்து நிமிடம். இந்த முறை டிஷ்யூ வெள்ளையாகவே வந்தது.

நிருபர் இரண்டாக வாங்கிக்கொண்டு போனார். சூப்பர்வைசர் அங்கேயே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு எது சரியா வரும்?" என்றார்.

"மூஞ்சி கழுவிட்டு வாங்க மேடம். மொதல்ல கேள்வி கேக்கணும்."

மறுநாள் நேரலையை நானும் அக்காவும் பார்த்தோம். நல்ல வெயில். நிருபர் என்ன சொன்னார் என்று இருவருக்குமே தெரியாது, கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். வழியவில்லை.

பேக்கிங் பேச்சு அதன்பிறகு எழவே இல்லை. மஞ்சள் விளக்குகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. சூப்பர்வைசர் சொன்னதை மாற்றிக்கொள்கிறவர் அல்ல. ஆனால் பின்வாசல் தூணில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டவைத்திருக்கிறார். சரக்கு இறக்குகிறவர்கள் அதில் தலை வாரிக்கொள்கிறார்கள். அக்கா ஆள் அழைத்து வரும்போதெல்லாம் அவர்களை விரட்டுகிறாள்:

"நகருங்கண்ணா, இது என் கவுன்டர்."