மைக்கைத் திறந்த சேகர்

இன்று காலை எங்கள் கன்டெய்னர் யார்டின் பாதுகாப்புக் கூட்டம், ஆன்லைனில். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கேமராவை அணைத்திருந்ததால் பன்னிரண்டும் கறுப்புக் கட்டங்கள்.

நான் ஸ்லைடை வாசித்துக்கொண்டே போனேன். ஒரு சத்தமும் இல்லை.

முன்பெல்லாம் இதே கூட்டம் திருவொற்றியூர் யார்டு வாசலில், டீ கிளாஸோடு நடக்கும். நான் வாய் திறப்பதற்குள் நாலு பேர் கிண்டல் செய்வார்கள். இன்று அதற்கு மனம் ஏங்கியது.

ஸ்லைடை மூடிவிட்டு, கிரேன் ஓட்டும் சேகரைக் கூப்பிட்டேன். "மாமு, வண்டி எப்டி கீது?"

மைக் திறந்தது. "இப்பவாச்சும் கேட்டியே! ரெண்டு நாளா பிரேக்கு சரியா புடிக்கல மாமு. பேஜாரா கீது."

உடனே கிரேனை நிறுத்தச் சொன்னேன். அதற்குள் ஒவ்வொரு முகமாகத் திரையில் வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதே பழைய இரைச்சல். கண் கலங்கிவிட்டது.

அப்போது கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்த தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மெசேஜ்: "ஏன் இவ்வளவு சத்தம்? எல்லோரையும் மியூட் செய்யுங்கள்."

நீங்களே சொல்லுங்கள், மனசு வருமா?