வேலை தெரியாத மாமாவும் ரிமோட் டாங்கியும்

பத்து வயதில் என்னால் பழுதுபார்க்க முடியாத பொருள் என்று உலகத்தில் எதுவும் இருக்கவில்லை. அப்பா கணபதி என்கிற பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போய், ஓர் ஓரத்தில் ஸ்டூல் போட்டு வீட்டுப்பாடம் எழுதுவேன். இரும்புச் சுருள் பளபளவென்று சுருண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே வாய்ப்பாடு மனப்பாடம் செய்தவளுக்கு, தானும் ஒரு மெக்கானிக் என்ற நினைப்பு வந்ததில் ஆச்சரியம் இல்லை. வீட்டில் டார்ச் லைட், அலாரம் கடிகாரம், அம்மாவின் தையல் மெஷின் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்திருந்தேன். தையல் மெஷினைத் தவிர மற்றவற்றைத் திரும்ப மாட்டியும் இருந்தேன்.

அந்த வருடம் கோடை விடுமுறைக்கு என்னைக் கிணத்துக்கடவில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தை, அப்பாவின் தங்கை. தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. மாமாவுக்கு வளைகுடாவில் வேலை. மூன்று வருடம் கழித்து அப்போதுதான் விடுப்பில் வந்திருந்தார். எனக்குக் காந்தம் வைத்த பென்சில் பெட்டி, அத்தைக்கு ஒரு மிக்ஸி, அவர்களுடைய ஒரே மகனுக்கு ரிமோட்டில் ஓடும் டாங்கி.

அப்படி ஒரு பொம்மையை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அரிவாள்மணைப் பலகை நீளம் இருக்கும். பச்சை நிறம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பீரங்கிக் குழாய் இடமும் வலமும் திரும்பும். இரண்டு பக்கமும் பல் வைத்த ரப்பர் பெல்ட், அதற்குள் வரிசையாகச் சின்னச் சக்கரங்கள், பின்னால் பெல்ட்டை இழுக்கிற பெரிய சக்கரம். ரிமோட்டின் கம்பியை இழுத்து நீட்டிப் பொத்தானை அழுத்தினால், உர்ரென்று செருப்புமேல் ஏறி இறங்கும்.

அத்தை மகனுக்கு ஏழு வயது. அவனுடைய அப்பா விமானம் ஏறியபோது நான்கு. போட்டோவில் இருந்த அப்பா ஒல்லி, மீசை வைத்தவர். வந்து இறங்கியவர் சதை போட்டு, மீசையை எடுத்துவிட்டிருந்தார். டாங்கியை அவன் வாங்கிக்கொண்டான். ஆனால் வாங்கும்போது இன்னொரு கையால் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் வாங்கினான். அதற்குப் பிறகும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எது சொல்வதானாலும் அத்தையிடம் போய்ச் சொல்வான். "அவரு டீ கேக்கறாரும்மா." "அவரு துண்டு எங்கேன்னு கேக்கறாரு."

அத்தைக்குப் பொறுக்காது. "அவரு எவருடா? அப்பான்னு கூப்புட்டா உன்ற வாய் வெந்தா போயிரும்?" என்பாள். அவன் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

"உடு, உடு. பையனை எதுக்கு வெரட்டறே" என்று சிரித்துக்கொண்டே மாமா தோப்புப் பக்கம் போய்விடுவார்.

எனக்கு இதிலெல்லாம் வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை. அதிகம் பேசாத பையன், சொன்ன வேலையைச் செய்வான், எடுபிடிக்கு நல்ல ஆள் என்றுதான் நினைத்தேன்.

டாங்கி முதலில் கூடத்தில் ஓடியது. பிறகு வாசலில் ஓடியது. டாங்கி என்றால் மலை ஏற வேண்டாமா என்று, களத்தில் குவித்திருந்த தேங்காய் மட்டைமேல் ஏற்றினோம். பாதி உயரம் வரை கம்பீரமாகப் போனது. அங்கே மட்டையின் நார் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. மோட்டார் முக்கியது, உள்ளே ஏதோ படக்கென்றது, வண்டி கவிழ்ந்து உருண்டு வந்து மாட்டுத் தண்ணீர்த் தொட்டியின் கல்லில் மோதியது. எடுத்துப் பார்த்தால் இடது பக்கப் பெல்ட் தனியாகக் கழன்றிருந்தது. சின்னச் சக்கரங்கள் சில இரண்டாகப் பிளந்திருந்தன. பெரிய சக்கரத்தின் ஓட்டை அகன்றுபோய், அச்சு மட்டும் சுற்றியது, சக்கரம் சும்மா நின்றது.

அவன் அழவில்லை. முகம் மட்டும் வெளுத்துப் போயிற்று. "அவருக்குத் தெரிஞ்சா திருப்பி எடுத்துட்டுப் போயிருவாரு" என்றான்.

"தெரியறதுக்குள்ள நான் சரி பண்ணிப்போடறேன். எங்கப்பா கம்பெனி மோட்டாரையே கழட்டி மாட்டறவரு. தெரியுமில்ல?"

அப்பா செய்ததற்கும் நான் செய்யப்போவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற வயது அவனுக்கு ஆகவில்லை. நம்பினான்.

மறுநாள் காலையில் கிணற்றடி மோட்டார் ரூமுக்குப் பின்னால் சாக்கை விரித்து, டெஸ்டரால் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தோம். தோப்புக்குத் தண்ணீர் விட மோட்டார் போட வந்த மாமா எட்டிப் பார்த்தார். இவன் சட்டென்று என் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டான். மாமா கோபப்படவில்லை. அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டாக்டரிடம் கேட்பதுபோல என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, பொழைச்சுக்குமுங்களா?"

"பொழைச்சுக்குமுங்க மாமா. ஆனா நீங்க தொடப்படாது."

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கூடமாட ஒத்தாசைக்கு வேணா உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்துகொண்டார். அப்போதே அவரைத் துரத்தியிருக்க வேண்டும் என்று அன்று பலமுறை நினைத்தேன். அப்படி ஓர் உதவாக்கரை உதவியாளரை நான் பார்த்ததே இல்லை. திருகாணியைக் கையில் கொடுத்தால் மண்ணில் தவறவிடுவார். அத்தை மகன்தான் தவழ்ந்து தேடி எடுக்க வேண்டும். எடுத்தது இதற்கு உரியதா அதற்கு உரியதா என்று அவனிடமே கேட்பார். என்னிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். அவர் கேட்பது எல்லாமே அவனிடம்தான்.

"இந்தப் பெரிய சக்கரம் எதுக்கு சாமி? அழகுக்கா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள், மாமா தண்ணீர் கொண்டுவரச் சொல்லி என்னைத் தொட்டிக்கு அனுப்பினார். நான் திரும்பி வரும்போது அவன் டாங்கியைப் பார்த்துக்கொண்டே சொல்வது காதில் விழுந்தது.

"அதுதான் இழுக்கும்."

"அப்போ சின்னச் சக்கரம்?"

"அது சும்மா உருளும்."

"அட! அப்படீங்களா!" மாமா உண்மையிலேயே வியந்துபோனார். இதுகூடத் தெரியாமல் இவரை எந்தக் கம்பெனியில் வைத்திருக்கிறார்கள் என்று நான் வியந்தேன்.

உடைந்த சின்னச் சக்கரங்களுக்குப் பதிலாகப் பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி மாட்டினேன். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் வண்டிச் சக்கரம் செய்வது அப்படித்தானே. டாங்கியின் எடைக்கு அது அமுங்கியது. பெல்ட் தொளதொளத்தது. எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போன மாமா, மாட்டு வைத்தியர் எறிந்துவிட்டுப் போன ஊசி மருந்துக் குப்பிகளைப் பொறுக்கி வந்து, பொழுது போகாதவர்போல ஒன்றின் ரப்பர் மூடியைப் பிடுங்கித் திண்டின்மேல் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார். வேலை நடக்கும்போது விளையாட்டு!

அத்தை மகன் அந்த மூடியையே பார்த்தான். பிறகு எட்டிப் பிடுங்கினான். பிளந்த சக்கரத்தின் பக்கத்தில் வைத்தான். அளவு சரியாக இருந்தது.

"இதுங்க! இது ஆவும்!"

"ஆவுமா? எனக்கென்னமோ சந்தேகமாத்தான் இருக்குது" என்றார் மாமா. "ஆவும்!" என்று அவன் அவர் முகத்தைப் பார்த்தே கத்தினான். கண்டுபிடித்தது அவன் என்றாலும், அனுமதி கொடுத்தது நான்தான். ஊசியைச் சுட்டு நடுவில் ஓட்டை போட்டு, பேனா ரீஃபிலை நறுக்கி உள்ளே செருகி, அச்சில் மாட்டினோம். ஜோராக உருண்டது.

பெரிய சக்கரத்துக்கு ஒரு வால்டியூப் வேண்டும் என்றேன். சைக்கிள் டியூபின் வால்வில் மாட்டுகிற மெல்லிய ரப்பர்க் குழாய். அதை அச்சின்மேல் ஏற்றிச் சக்கரத்தை அழுத்திச் செருகினால் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பட்டறைப் பையன்கள் செய்து பார்த்திருக்கிறேன். சைக்கிள் கடை மெயின் ரோட்டில். மாமா அவனை வண்டியின் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். கூப்பிடு தூரம். போனவர்கள் வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் திரும்பினார்கள். அவன் உதடெல்லாம் ஆரஞ்சு நிறம்.

"வால்டியூப் வாங்க இவ்வளவு நேரமுங்களா மாமா?"

"கடையில கூட்டமுங்க அம்மணி" என்றார். இவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இருவரும் கூட்டுச் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எனக்கும் ஒரு குச்சி ஐஸ் வாங்கி வந்திருந்ததால் விட்டுவிட்டேன்.

கடைசி வேலை பெல்ட்டை மாட்டுவது. அதுதான் கடினம். ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கம் நழுவும். நான் முயன்று விரல் சிவந்துபோய் மாமாவிடம் கொடுத்தேன். அவர் தலைகீழாக மாட்டினார். சொல்லித் திருத்தினால் பெரிய சக்கரத்தை விட்டுவிட்டுச் சின்னதிலிருந்து ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டிருந்த பையனுக்குத் தாங்கவில்லை.

"அப்படி இல்லீங்க! மொதல்ல பெரிய சக்கரத்துல மாட்டோணும், அப்புறம் சுத்தி உடோணும். அப்பா, நீங்க இதைப் புடிச்சுக்குங்க, நான் உடறேன்!"

மாமாவின் கை அப்படியே நின்றது. விரல் தளர்ந்து பெல்ட் மறுபடியும் படீரென்று நழுவி விழுந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க மாமா, புடிக்கறதைக்கூடச் சரியாப் புடிக்கமாட்டீங்களா?"

"தப்புதானுங்க அம்மணி" என்றார். மோர் கொண்டுவந்த அத்தை, சொம்பைக் கீழேயும் வைக்காமல் எங்களிடமும் கொடுக்காமல் மோட்டார் ரூம் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். தாகத்தில் தொண்டை காய்ந்த எனக்கு அதுவும் ஓர் எரிச்சல்.

இரண்டாவது முறை அவர் சரியாகப் பிடித்தார். இவன் சுற்றிவிட்டான். பெல்ட் ஏறியது. டாங்கி லேசாக இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடியது, ஆனால் ஓடியது. அன்று பொழுது சாய்கிற வரைக்கும் "அப்பா இங்க பாருங்க", "அப்பா நீங்க ஓட்டுங்க" என்ற சத்தம்தான் களத்தில். ரிமோட் என் கைக்கு வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூட்டிப்போக வந்தார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "மாமா நல்லவருதானுங்கப்பா. ஆனா வேலைன்னா சுத்தமா ஒண்ணும் தெரியலை" என்று என் தீர்ப்பையும் சொன்னேன்.

அப்பா சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "உன்ற மாமன் அங்க என்ன வேலை பாக்கறாருன்னு நெனச்சே? புல்டோசர் மெக்கானிக்கு. இதே மாதிரி பெல்ட்டுதான், இரும்புல. ஒவ்வொரு சக்கரமும் உன்ற உசரம் இருக்கும். பாலைவனத்துல எந்த வண்டி படுத்தாலும் இவரைத்தான் கூட்டிட்டுப் போவாங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "அப்புறம் எதுக்குங்கப்பா தெரியாத மாதிரி உக்காந்திருந்தாரு? அவரே பண்ணியிருந்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்குமே!"

அப்பாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "ஆமா கண்ணு, முடிஞ்சு போயிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

நான் யோசித்தேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கிற லீவில் ஒரு நாள் முழுவதையும் ஒரு சக்கரத்துக்காக வீணாக்குகிற மனிதரை என்ன சொல்வது? யோசித்ததில் விடையும் கிடைத்தது. ஆள் உயரச் சக்கரம் பழகிய கைக்குச் சின்னச் சக்கரம் வசப்படாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் பாவம், மாமா ஒன்றும் தெரியாதவர்போல நடித்திருக்கிறார். அடுத்த முறை வரும்போது கோபித்துக்கொள்ளாமல் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். பஸ் உக்கடம் வந்து சேர்வதற்குள் அவரை முழுமனதாக மன்னித்தும் விட்டேன்.