உளுவை போன பள்ளம்

பரணிலிருந்து இறக்கிய ஊறுகாய் ஜாடியை மனைவி கழுவியபோது, இத்தனை வருடம் கழித்தும் அதிலிருந்து மீன்கவிச்சி எழுந்தது. என்ன வாடையென்று கேட்டாள், சொல்ல வெட்கமாக இருந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்த்த அப்பா, உள்ளே மெருகு ஓடாததால் ஆலையில் கழித்துப்போட்ட அந்த ஜாடியில்தான், வேப்பூர்ப் பக்கத்து ஏரியிலிருந்து ஜிலேபி மீன்குஞ்சுகளைப் பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்து, களிமண் வெட்டியெடுத்து நீர் நின்ற, இப்போது வீடுகளாகிவிட்ட எங்கள் தெருக்கோடிப் பள்ளத்தில் விட்டார். தெருவே அவரைப் புகழ்ந்தது. தூண்டில் போட்டவனுக்கெல்லாம் ஜிலேபி கிடைக்க, பழைய சேலையால் அங்கே உளுவை மீன் அரித்து விற்றுப் பிழைத்த அஞ்சலையக்காவின் கூடை மட்டும் நாளுக்கு நாள் இளைத்தது.

ஒருநாள் அம்மா அறுத்த ஜிலேபியின் வயிற்றில் உளுவைக் குஞ்சுகள் கிடந்தன. அப்பா குனிந்து பார்த்தார். அந்நேரம் பார்த்து அஞ்சலையக்கா வெறுங்கூடையோடு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, பள்ளத்துல ஒரு உளுவை கூட இல்லீங்க. என்னாச்சுன்னு தெரியுதுங்களா?"

"வெயிலு ஜாஸ்தி அஞ்சல, அதான்," என்றார் அப்பா, எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

அக்கா அதை நம்பி, வெயிலைத் திட்டிக்கொண்டே போனார்.