நான் மாத்தி அடிச்ச அந்த ஒரு வரி

முல்லைத்தீவில நான் டைப் அடிச்ச கடையில கீபோர்ட் எப்பவும் பிசுபிசு எண்டு இருக்கும்... கடல் காத்து. காலமை வந்த உடனே ஈரத்துணியால துடைச்சுப்போட்டுத்தான் வேலை தொடங்கிறது. பக்கத்தில போட்டோகொப்பி மெசின் சூடாகேக்க ஒரு மணம் வரும். இப்பவும் நினைச்சா மூக்குக்குள்ள வருது.

எனக்கு அப்ப இருபத்திமூண்டு வயசு. விண்ணப்பம், கலியாணக் காட், செத்த ஆக்களின்ர முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற அந்தியேட்டி மலர்... எல்லாம் கொம்பியூட்டரில பாமினி எண்ட எழுத்தில அடிப்பன். கை மட்டும்தான் ஓடும். மனசு ஒண்டுக்கும் அசையாது.

அம்மா செத்து ரெண்டு வருசம். அப்பா மாங்குளத்தில தனிய, வயலோட. நான் சித்தி வீட்டில நிண்டனான்.

ஞாயிற்றுக்கிழமை எண்டா அப்பாவிட்ட இருந்து போன் வரும். நான் போனை சித்தியிட்டக் குடுத்திட்டுக் கிணத்தடிக்குப் போயிடுவன்.

அம்மாக்கு நெஞ்சு நொந்த அண்டைக்கு அவர் போனை வீட்டிலயே மறந்து வச்சிட்டு வயலுக்குப் போனவர். நான் பக்கத்து வீட்டு ஆக்களைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்கயே எல்லாம் முடிஞ்சுது. அந்தக் கோபம் அப்பாவில. பிறகு சாமியிலயும் கோபம். கோயில் வாசலையே மிதிக்கிறேல்லை.

ஒருநாள் மத்தியானம் லெட்சுமி அக்கா வந்தவா. தண்ணீரூற்று எண்ட ஊர்ப் பக்கம், கச்சான் தோட்டத்தில கடலை புடுங்கிற வேலை. நகமெல்லாம் மண். அவையள் மலையகத்தில இருந்து வந்து குடியிருந்த ஆக்கள், வாயைத் திறந்தாலே தெரியும்.

ஒரு பழைய கொப்பியை நீட்டினா.

"அம்மன் மேல நாலஞ்சு பாட்டுங்க. திருவிழாவுக்கு சின்ன புஸ்தகமா போடலாம்னு கோயில்ல சொன்னாங்க."

"ஆர் அக்கா எழுதினது?"

"நான்தாங்க." சொல்லிப்போட்டு, களவு செய்து பிடிபட்ட ஆள் மாதிரிச் சிரிச்சா.

அவா கொப்பியை வச்சிட்டுப் போக, நான் இருந்து அடிச்சன். முதல் ரெண்டு பாட்டும் வழமையான மாதிரித்தான். மழை கேக்கிறது, பிள்ளையளுக்குச் சுகம் கேக்கிறது... மூண்டாவதில கை நிண்டிட்டுது.

உன்மேல் கோபம் என்றிருந்தேன் தாயே
உள்ளே இறங்கிப் பார்த்தேன் நேற்று
என்மேல் கோபத்தை உன்மேல் ஏற்றி
எத்தனை நாள்தான் நடந்தேன் தாயே

ஏனெண்டு தெரியேல்லை, அந்த மூண்டாவது வரியை என்னால அடிக்க ஏலாமப் போச்சு. 'என்மேல் கோபத்தை' எண்ட இடத்தில 'என்பெரும் பாரத்தை' எண்டு மாத்தி அடிச்சுப்போட்டு அடுத்த பாட்டுக்குப் போயிட்டன்.

மற்ற நாள் அவா புரூவ் பாக்க வந்தா. ஒவ்வொரு எழுத்தா விரலை வச்சு வாசிச்சா. அந்த இடத்தில விரல் நிண்டுது.

"தங்கச்சி, இது நான் எழுதினது இல்லையே?"

"சாமிப் பாட்டில அப்பிடி வந்தா வடிவில்லை அக்கா..."

"அழகா இல்லதான். ஆனா அதுதாங்க உண்மை."

கோவிக்கேல்லை. கதிரை நுனியில இருந்துகொண்டு மெதுவாச் சொன்னா.

"கச்சான் புடுங்கறப்ப ஆத்தாகிட்ட சண்டை போட்டுக்கிட்டே இருப்பேன். ஒருநாள் வாய் ஓஞ்சிருச்சு. சும்மா இருந்து, நிசமா யாரு மேல கோவம்னு என்னையே கேட்டேன். பதில் வந்துச்சு. அழுகைதான். அதைத்தான் எழுதி வச்சேன்."

நான் வரியைத் திருத்தி அடிச்சுக் குடுத்தன். அவா போயிட்டா.

எனக்குப் பிறகு ஒரு வேலையும் ஓடேல்லை.

அம்மா செத்த அண்டைக்குக் காலமை அவா குசினிக்க நிண்டு சொன்னவா, "நெஞ்சுக்க ஒரு மாதிரிக் கிடக்கு பிள்ளை" எண்டு. நான் நிமிர்ந்தும் பாக்கேல்லை. "வயித்துக் காஸா இருக்கும், இஞ்சித் தண்ணி குடியுங்கோ" எண்டனான். ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான் எழும்பிப் போய்ப் பாத்தனான்.

ரெண்டு வருசமா இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எனக்கே சொல்லேல்லை. எல்லாத்தையும் தூக்கி அப்பாவில போட்டிட்டன்.

அந்த ஞாயிறு போன் அடிக்க நானே எடுத்தன்.

"அப்பா..."

"பிள்ளையே? சாப்பிட்டியே?" எண்டார்.

அழுதழுது எல்லாத்தையும் சொன்னன். இஞ்சித் தண்ணிக் கதையை. ஏசப்போறார் எண்டு கண்ணை மூடிக்கொண்டு நிண்டன்.

"எனக்கும் விடியவே சொன்னவா பிள்ளை," எண்டார். "வயலுக்குப் போற அவசரத்தில நானும் காஸ் எண்டுதான் சொல்லிப்போட்டுப் போனனான்."

ரெண்டு பேரும் ஒரே பாரத்தை ஆளுக்கொரு ஊரில வச்சுக்கொண்டு தனித்தனிய இருந்திருக்கிறம்.

அடுத்த கிழமை மாங்குளம் பஸ் ஏறினன். அப்பா றோட்டடியிலயே நிண்டவர். அப்பிடியே கோயிலுக்குப் போனம். நான் சாமியிட்ட ஒண்டும் கேக்கேல்லை... கும்பிட்டுக்கொண்டு நிண்டன், அவ்வளவுதான். நெஞ்சு லேசாக் கிடந்துது.

கலியாணம் முடிச்சு இப்ப கிளிநொச்சியில இருக்கிறம். அப்பாவும் எங்களோட. சாமிப் பாட்டெல்லாம் போனிலயே கிடக்கு, வாயால சொன்னா அதுவே டைப் பண்ணுது. கொப்பியோட ஒருத்தரும் கடைக்கு வாறேல்லையாம். லெட்சுமி அக்கா எங்க இருக்கிறாவோ தெரியாது. அந்தச் சின்னப் புத்தகத்தில ஒண்டை எடுத்து வைக்காமல் விட்டது இப்பவும் மனவருத்தம்தான்.

கோபம் இப்பவும் வரும். என்ர மனுசனோட, பிள்ளையோட, சில நேரம் சாமியோட. வந்தா ஒரு பத்து நிமிசம் சும்மா இருந்து, இது உண்மையில ஆரில எண்டு கேப்பன். பதில் வந்தால் ரெண்டு வரி எழுதி வைப்பன். பெரிய பாட்டொண்டும் இல்லை. வாசிக்கிறது அப்பா மட்டும்தான். கண்ணாடியைப் போட்டு, ரெண்டு தரம் வாசிச்சுப்போட்டுச் சொல்லுவார்...

"எழுத்துப் பிழை ஒண்டும் இல்லைப் பிள்ளை."