பாம்பு தின்னாத மூன்று எலிகள்

வெளிநாட்டுக்கு வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள் அம்மாவிடம் எதையாவது தள்ளிவிட்டுப் போவார்கள். ஸ்கூட்டி, பழைய துணி மூட்டை, தினம் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாலு தொட்டி. என் மகள் ஒரு பாம்பைத் தள்ளிவிட்டுப் போனாள். பால் பைத்தான் என்ற வகை மலைப்பாம்பு; பால் என்றால் இங்கிலீஷில் பந்து. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, விஷம் கிடையாது, பயந்தால் பந்து மாதிரி சுருட்டிக்கொள்ளும். நாலடி நீளம், ஒன்றே கால் கிலோ எடை. பதிவு செய்த காகிதமெல்லாம் ஒரு பைலில் போட்டுப் பாம்போடு சேர்த்தே கொடுத்தாள்.

மூன்று வருடம் நகரத்தின் அந்தக் கோடியில், கொண்டாப்பூரில் ஒரு பிளாட்டில் அவள் அதை வளர்த்தாள். நான் இந்தக் கோடியில் அல்வாலில். பாம்பு இருக்கும் வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லி ஒரு தடவைகூட அங்கே போகவில்லை. எவ்வளவு முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. மூன்று வருடம் போயிருக்கலாம், போகவில்லை.

அவள் நெதர்லாந்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், கண்ணாடிப் பெட்டியும் சூடு தரும் பாயும் பாம்பும் என் வீட்டு முதல் மாடிக்கு வந்து சேர்ந்தன. ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை வைத்தாள். திறந்து பார்த்தால் உறைந்த எலிகள். மீனும் கறியும் புழங்கும் ஃப்ரீசர்தான், இருந்தாலும் நான் டப்பாவின் மேல் ஒரு துணியைச் சுற்றி வைத்தேன்.

"ம்மா, ரூல்ஸ் சிம்பிள். புது வீடு, பயத்துல இருக்கும். ஒரு வாரம் தொடக் கூடாது. மூடியத் திறந்து எட்டிக்கூடப் பாக்கக் கூடாது. தண்ணி மட்டும் மாத்து. எட்டாம் நாள் சாயங்காலம் ஒரு எலிய சுடுதண்ணில வெச்சு சூடாக்கி, இடுக்கியில புடிச்சுக் காட்டு. அப்புறம் பத்து நாளைக்கு ஒரு தடவை."

"சாப்புடலன்னா இன்னா பண்றது?"

"ரெண்டு மூணு தடவை சாப்புடாது, நார்மல்தான். தொடர்ந்து சாப்புடவே இல்லன்னா நாச்சாரத்துல ஒரு ஃப்ரெண்ட் இருக்கான். ஃபாக்டரி மேல ரூம் கட்டி நெறைய பாம்பு வெச்சிருக்கான். அவன் வந்து எடுத்துப்பான். நீ டென்ஷன் ஆவாத."

இப்போதே கொடுத்துவிட வேண்டியதுதானே என்று நான் கேட்டேன். அவள் பெட்டிக்குள் ஓட்டுத் துண்டுகளை அடுக்கிப் பாம்புக்கு ஒளிய இடம் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு அதைக் கொடுக்க மனசில்லை. விமான நிலையத்தில் அழவில்லை, கிளம்புகிற அன்று காலை அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து அழுதாள். பார்த்துக்கொண்டு நின்ற எனக்குப் பாம்பின் மேல் பொறாமையாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஒரு பாதுகாப்புத் துறை அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, அப்போதுதான் எட்டு மாதமாக ஓய்வில் இருந்தேன். கணவர் போய் நாலு வருடம். ஓய்வு பெற்ற புதிதில் எல்லோரும் நல்லா ரெஸ்ட் எடுங்க மேடம் என்றார்கள். எடுத்தேன். ரெஸ்ட் எடுத்து எடுத்து உடம்பு வலித்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் வருவாள் என்று சனிக்கிழமையே மாவு அரைப்பேன், மட்டன் சொல்லி வைப்பேன். மற்ற நாட்களில் ஒருத்திக்காக என்ன அடுப்பு மூட்டுவது என்று பிஸ்கெட், மோர், எப்போதாவது முந்தின நாள் சோறு. அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமையும் மற்ற நாட்களோடு சேர்ந்துகொண்டது.

தினமும் சாயங்காலம் நாலரைக்கு அவளிடமிருந்து போன் வரும். அங்கே அவளுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். முதல் கேள்வி பாம்பைப் பற்றி. இரண்டாவது கேள்வி, "நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்டி. சாம்பார், பொரியல்."

ஒரு நாள் கீரை, ஒரு நாள் மீன்குழம்பு என்று மாற்றி மாற்றிச் சொல்வேன். சொல்லும்போதே எனக்கு வாசனைகூட வரும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? அவள் நிம்மதியாகச் சாப்பிடுவாள், அவ்வளவுதான்.

பாம்பு வந்த ஐந்தாம் நாள் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றக் கையை விட்டேன். ஓட்டுக்குள் இருந்து தலையை நீட்டி நாக்கால் என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தது. நான் கத்தியிருக்க வேண்டும், கையை இழுத்திருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. அது மெல்ல ஏறி என் கையைச் சுற்றிக்கொண்டது. பாம்பு என்றால் வழவழவென்று ஜில்லென்று இருக்கும் என்றுதான் அறுபது வருடமாக நினைத்திருந்தேன். அப்படியில்லை. சூட்டுப் பாயில் படுத்துக் கிடந்த உடம்பு, வெதுவெதுப்பாக இருந்தது. அதன் பிடியில் ஒரு பலம் இருந்தது, அதே சமயம் வலிக்கவில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் விமான நிலையத்தில் கட்டிப்பிடித்ததற்குப் பிறகு ஒரு உயிர் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு நான் எங்கே ரூல்ஸைப் பார்த்தேன்! காலையில் ஒரு தரம் எடுப்பேன், மதியம் ஒரு தரம், டிவி பார்க்கும்போது ஒரு தரம். உள் அறையில் இருந்த பெட்டியை ஹாலுக்கு இழுத்து வந்து சோபா பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மகள் அதற்கு ஏதோ ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தாள். காது கேட்காத ஜந்துவுக்குப் பெயர் எதற்கு என்று நான் சும்மா "இன்னாடி" என்றே பேசிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் எனக்குப் பிறகு பதவிக்கு வந்தவளைப் பற்றி, மேல்மாடிக்காரர்கள் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவதைப் பற்றி, கணவரின் இருமலைப் பற்றி. அது கேட்காது என்பது ஒரு சௌகரியம்.

எட்டாம் நாள் எலியைச் சூடாக்கி இடுக்கியில் நீட்டினேன். பாம்பு அதைப் பார்த்தது, தலையைத் திருப்பிக்கொண்டு பந்தாகச் சுருண்டது. ஒரு மணி நேரம் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்து, "சாப்புடு, கொஞ்சம் சாப்புடு," என்று அதன் மூக்கருகே எலியை ஆட்டிக்கொண்டிருந்தேன். விருந்தாளி போதும் போதும் என்று இலையைக் கையால் மறைத்தாலும் இன்னொரு கரண்டி போடும் பழக்கம் நமக்கு. பாம்புக்கு அது பழக்கமில்லை.

மறுநாள் போன்.

"ம்மா, சாப்ட்டுச்சா?"

"சாப்ட்டுச்சு."

யோசித்துச் சொன்னதில்லை. அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைச் சொல்லி என் நாக்கு பழகிவிட்டது. அவள் அங்கே ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள். "சூப்பர்ம்மா! ஃபர்ஸ்ட் டைம்லயே!" அவள் என்னைப் பாராட்டி எத்தனை வருடமாயிற்று. அதற்கப்புறம் அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுவது எப்படி?

பத்து நாள் கழித்து இரண்டாவது எலி, அதற்குப் பத்து நாள் கழித்து மூன்றாவது. பாம்பு தொடவில்லை. நான் சாப்ட்டுச்சு என்றேன். எலிகளைப் பின்சுவருக்கு அந்தப் பக்கம், ராணுவ நிலத்துப் புதரில் வீசினேன். மூன்றாவது தடவை வீசப் போனபோது சுவர் மேல் இரண்டு பூனைகள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தன. மாவு நிறுக்கும் தராசில் பாம்பை வைத்துப் பார்த்தால் எண்பது கிராம் குறைந்திருந்தது. முதுகு கொஞ்சம் கூராகத் தெரிந்தது.

காரணம் எனக்குத் தெரியும். ஓயாமல் எடுக்கிறேன், எட்டிப் பார்க்கிறேன், ஹாலில் டிவியும் என் நடையும் அதன் வயிற்றுக்கு அடியில் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. தொடாமல் விட்டால் சாப்பிடும். ஆனால் தொடாமல் விட்டால் எனக்கு அந்தப் பாம்பு எதற்கு? உண்மையைச் சொன்னால் நாச்சாரத்துக்காரன் வந்து எடுத்துப் போய்விடுவான். மகள் போன் செய்வதே பாம்புக்காகத்தான் என்று அப்போது உறுதியாக நம்பினேன். பாம்பு போனால் நாலரை மணி போனும் போகும். இப்படியே கணக்குப் போட்டுக்கொண்டு தினமும் அதை மடியில் வைத்துப் பட்டினி போட்டேன். இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் அவள் கேட்டாள். "ம்மா, அது கக்கா போச்சா?"

நான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

"மூணு எலி தின்னிருக்கு. ஒரு வாட்டி கூடப் போகலியா?"

ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்தவள் நான். இவள் கைக்குழந்தையாக இருந்தபோது டாக்டரிடம் இதைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. உள்ளே போனது வெளியே வர வேண்டும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. "இல்ல போலக் கீது," என்று இழுத்தேன்.

அவள் குரல் மாறிவிட்டது. "வயித்துல அடைச்சிருக்கும்மா. செத்துடும். நான் இப்பவே அவனுக்கு போன் பண்றேன், வந்து டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போவட்டும். நான்தான் தப்பு பண்ணேன், உன்கிட்ட விட்டிருக்கவே கூடாது, உனக்கும் கஷ்டம்..." பேசிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். கேன்டீனில் அத்தனை பேர் நடுவில்.

போச்சு, நேத்தே போச்சு, இப்பதான் ஞாபகம் வருது என்று இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு தயாராகத்தான் இருந்தது. ஆனால் அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"அடைக்கலடி. அது சாப்புடவே இல்ல. மூணு வாட்டியும் இல்ல. நான் பொய் சொன்னேன்."

"கைக்கு?" என்றாள். அழுதால் அவளுக்கு இந்த ஊர் உருது வந்துவிடும், ஏன் என்று அர்த்தம்.

"அவன் வந்து எடுத்துனு போயிடுவான்னு. அது சாப்புடாததுக்கும் நான்தான் காரணம். தெனம் எடுத்து மடியில வெச்சுக்கிறேன்."

"கைக்கும்மா? தொடாதன்னு அவ்ளோ சொன்னேனே?"

"என்னைத் தொட வேற யாரும் இல்லடி இங்க."

  அவளுக்குப் பின்னால் தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது.

"நீ இன்னைக்கு சாப்ட்டியா?" என்றாள். "நெஜமாச் சொல்லு."

"காலைல ரெண்டு பிஸ்கெட்."

"நேத்து?"

நேத்தும் அதேதான் என்றேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நாச்சாரத்துக்காரனைக் கூப்பிட வேண்டாம், எனக்குப் பத்து நாள் கொடு என்று கேட்டேன். "ஹவ்," என்று உருதுவிலேயே ஒத்துக்கொண்டாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பத்து நாள். அதுக்கப்புறமும் சாப்புடலன்னா அவன் வருவான்."

அன்றே பெட்டியை உள் அறைக்கு, அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போது இருந்த அறைக்கு, திரும்ப நகர்த்தினேன். மூன்று பக்கமும் போர்வையைப் போட்டு மூடினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்ற மட்டும் உள்ளே போவேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவேன். அந்தப் பத்து நாளும் எப்படிப் போயின என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் கைக்கு வேலை இல்லை. சோபாவில் உட்கார்ந்தால் வலது கை தன்னால் பக்கத்தில் துழாவியது. கணவர் இறந்த புதிதில்கூட வீடு இவ்வளவு காலியாக இருந்ததாக ஞாபகம் இல்லை. அப்போது மகள் இருந்தாள், ஆபீஸ் இருந்தது. இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பாம்பு, அதையும் பார்க்கக் கூடாது.

நாலரை மணி போன் மட்டும் நிற்கவில்லை. பாம்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லாத நாட்களிலும் வந்தது.

பதினோராம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு எலியைச் சூடாக்கினேன். இடுக்கியில் ஆட்டவில்லை, கெஞ்சவில்லை. ஓட்டின் வாசலில் வைத்துவிட்டு விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினேன். கதவருகே நின்றால் காலடி அதிர்வு தெரியும் என்று சமையலறைக்குப் போனேன். போனவளுக்கு அங்கே நிற்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. முருங்கைக்காய் இருந்தது, நறுக்கினேன். பருப்பைக் குக்கரில் வைக்காமல், விசில் அடிக்கக் கூடாதே என்று, பாத்திரத்தில் போட்டு வேகவைத்தேன். அது வேக எவ்வளவு நேரம் ஆகிறது! சாம்பார் கொதித்து இறங்கியபோது எட்டு மணி தாண்டிவிட்டது. பசித்தது. தட்டில் போட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். எலி இல்லை. கீழே, மூலையில், போர்வைக்குப் பின்னால் எங்கும் இல்லை. ஓட்டுக்குள்ளிருந்து மூக்கு நுனி மட்டும் தெரிந்தது.

சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒரு வருத்தம். நான் பக்கத்தில் இல்லாததால்தான் அது சாப்பிட்டது. உள்ளே போய் அதைத் தடவிக் கொடுக்க வேண்டும் போல் இருந்தது. சாப்பிட்டதும் எடுத்தால் கக்கிவிடும், இரண்டு நாள் தொடக் கூடாது. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அவளால் மறுநாள் நாலரை வரை பொறுக்க முடியவில்லை. ஆபீஸ் முடிந்ததும் வீடியோவில் கூப்பிட்டாள். தலைக்குப் பின்னால் பஸ் ஜன்னல், அங்கே இன்னும் வெயில்.

"சாப்ட்டுச்சா?"

"சாப்ட்டுச்சு."

"கக்கா போற வரைக்கும் நம்ப மாட்டேன்."

"நம்பாத. போனதும் போட்டோ அனுப்பறேன்."

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீ?" என்றாள்.

"சாப்ட்டேன்."

அவள் போனை முகத்தருகே கொண்டுவந்து என்னை உற்றுப் பார்த்தாள். அந்த வார்த்தைக்கு என் வாயில் மதிப்பு இல்லாமல் போய்விட்டது என்று எனக்கும் தெரியும். போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கேமராவைத் தட்டின் மேல் திருப்பினேன். ஓரத்தில் நான் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கைகள் குவிந்து கிடந்தன.

"ஆட்டாம புடி," என்றாள்.

நான் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டேன். பஸ் சத்தத்துக்கு நடுவே அவள் சக்கைகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள். ஒன்பது வந்தது.